ரசீது இல்லாத செலவு

மூன்று வருடமாக அண்ணன் வீட்டில் விருந்தாளியாக இருக்கும் என் தர்மபத்தினிக்கு, உன் கணவன் எழுதுவது. இவ்விடம் சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வழக்கு முடிந்தது. ஜெயித்துவிட்டேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, முழுதும் படி. நம் பம்பு கம்பெனிக்குப் பின்னால் இருந்த நிலத்தை நிர்வாக இயக்குநரான உன் அண்ணன் பாதி விலைக்குத் தன் மகனுக்கே விற்றார் அல்லவா, அதைத் தட்டிக் கேட்கவேண்டிய கம்பெனி கேட்காது, கம்பெனியே அவர்தானே, அதனால் ஐம்பது பங்கு வைத்திருக்கும் நான் கம்பெனி சார்பாக அவர்மீது வழக்குப் போட்டேன், அன்றைக்கு, "எங்கண்ணன் மேலயா கேஸு? அது முடியட்டும், அப்புறம் வரேன்" என்று கிளம்பினவள்தான் நீ. இப்படி இழுக்கும் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. வக்கீலுக்குத் தெரியும், சொல்லவில்லை.

நிலம் கம்பெனிக்கே திரும்பவேண்டும் என்று நீதிபதி அம்மா தீர்ப்புச் சொன்னார். எனக்கு ஒரு பிடி மண்கூடக் கிடையாது. வழக்குச் செலவாவது கிடைக்குமா என்று கேட்டோம். உன் அண்ணனின் வக்கீல் துள்ளி எழுந்து, "இவரா ஆசைப்பட்டுப் போட்ட கேஸு, இவரே கட்டட்டும்" என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "பலன் கம்பெனிக்குன்னா செலவும் கம்பெனிக்குத்தானே? அவர் தனக்காகவா வந்தாரு?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடத்தில் என் பக்கம் பேசிய முதல் பெண்மணி! உனக்கும் கம்பெனியில் நூறு பங்கு இருப்பதால், என் வக்கீலுக்கு நீயும் கொஞ்சம் கொடுத்ததாக ஆகிறது. கோபிக்காதே.

பிறகு செலவுப் பட்டியலைச் சரிபார்க்கும் அதிகாரியிடம் போனேன். கோர்ட் கட்டணம், ஜெராக்ஸ், பஸ் டிக்கெட் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு, "வேற ஏதாவது இருக்கா?" என்றார். வாய் சும்மா இருக்குமா? "இருக்கு சார். எம் பொண்டாட்டி மூணு வருஷமா வீட்ல இல்ல. சாவிய எடுத்தீங்களான்னு கேக்க ஆளில்லாம ஏழு தடவை பூட்ட உடைச்சாச்சு."

"பூட்டுக்கு ரசீது இருக்கா?"

"இருக்கு."

"அவங்க இல்லாததுக்கு?"

இல்லை என்றேன். எழுதிக்கொண்டதைக் கோடு போட்டு அடித்தவர், தலை நிமிராமல், "எங்க வீட்டம்மா தவறி ஆறு வருஷமாச்சு சார். உங்கவங்க பஸ் போற தூரத்துலதானே இருக்காங்க?" என்றார். பட்டியலை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் உன் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எரிச்சலாக, "மாப்ள, ஒவ்வொரு வாய்தாவும் முடிஞ்சு நான் வீடு திரும்புனா அவ கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அவர் இளைச்சிருக்காரான்னு. நான் ஜெயிச்சேனா தோத்தேனான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல" என்றார்.

எனினும், நீ அவசரப்பட்டு வரவேண்டாம். எனக்குச் சமையல் பழகிவிட்டது. தனிமையும் பழகிவிட்டது. முழங்கால் சரியாகி, மேல்முறையீட்டுக் கெடுவும் முடிந்தபின் நிதானமாக யோசித்து வந்தால் போதும்.

அண்ணிக்கு என் வணக்கம். நிலத்தை இழந்த மருமகனுக்கு ஆசிகள். உன் அண்ணனுக்கு, தோற்றவர் என்பதால், இரட்டிப்பு மரியாதை.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உன் கணவன்.

பின்குறிப்பு: பழகிவிட்டது என்று எழுதியதெல்லாம் பொய். இதைத் தபாலில் போடவில்லை. உன் அண்ணன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துதான் முழுதும் எழுதினேன். அழைப்பு மணியை அழுத்தத் துணிவில்லாமல் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். உள்ளே நீ யாரையோ அதட்டுவது கேட்கிறது. கேட்டு எவ்வளவு நாளாயிற்று! கதவைத் திறந்து, அதே குரலில் என்னையும் ரெண்டு வார்த்தை திட்டு.