ரோகிணிக்கு ஏற்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்

ராஜபாளையத்தில் அந்த மாடிப்படி முழுக்கக் கூட்டம். கையில் தேங்காய், பழத் தட்டு, தட்டில் பென்டிரைவ். மேலே வீற்றிருந்தார் நாதசித்தர் சமுத்திரம். வீட்டுக் கம்ப்யூட்டரில் குரல் பதிய எந்த சாஃப்ட்வேர் ஆகும் என்று பிறந்த நட்சத்திரம் பார்த்துச் சொல்லும் மகான். சொன்னதைத் தாமே விற்கவும் செய்வார்; பக்தர்கள் கடைகடையாய் அலையக்கூடாதே என்ற கருணை!

மம்சாபுரத்துப் பாண்டிசெல்வியை அவள் அண்ணன் விஜயபாண்டி அங்கே இழுத்து வந்தான். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிந்து தரும் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அனுப்பிய மாதிரிப் பதிவு, ஒரே இரைச்சல் என்று திரும்பிவிட்டது. மறுநாளைக்குள் நல்லதாக ஒன்று அனுப்பாவிட்டால் வேலை கிடையாது.

“ரோகிணி நட்சத்திரமா? நீ வச்சிருக்க இலவச சாஃப்ட்வேர்ல சனி உக்காந்திருக்கான். அதான் இரைச்சல்,” என்றார் சித்தர். “நம்ம நாதஜோதி சாஃப்ட்வேர்ல பதிஞ்சா சரஸ்வதியே பேசுவா.”

சனி பகவான் டவுன்லோடு ஆகி வருவது கூட்டத்துக்கு வியப்பாகவே இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“வாங்கிருட்டி,” என்றான் அண்ணன்.

“செத்த பொறுண்ணே. சாமி, ரெண்டுலயும் பதிஞ்சு போட்டுக் காட்டுதேன். எது உங்களுதுன்னு காதால கேட்டே சொல்லிருவீங்களா?”

“கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்!”

சித்தரின் கம்ப்யூட்டரில் நாதஜோதியிலும், தன் லேப்டாப்பில் இலவசத்திலும் அதே நாலு வரியை வாசித்துப் பதிந்தாள். இரண்டையும் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு, அவர் பார்க்காதபடி திரையைத் திருப்பி வைத்தாள்.

முதலாவது ஒலித்தது. சித்தர் முகம் சுளித்தார். “சனி!”

இரண்டாவது ஒலித்தது. அவர் கண்ணில் நீரே வந்துவிட்டது. “நாதஜோதி! ஆத்தா பேசுதா!” கூட்டம் கும்பிட்டது.

பாண்டிசெல்வி திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். “ரெண்டு தடவையும் என்னோட ஒரே பதிவத்தான் போட்டேன். உங்களுத இன்னும் போடவே இல்ல சாமி.”

சித்தருக்கு இருமல் வந்தது. அவள் விடவில்லை. நாதஜோதியில் ‘எங்களைப் பற்றி’ என்ற இடத்தை அமுக்கினாள். உள்ளே இருந்தது அதே இலவச சாஃப்ட்வேரின் பெயர். மேலே ஒட்டியிருந்த விளக்குப் படம் மட்டுமே சித்தரின் கைங்கரியம்.

“அப்பொ இரைச்சல் எங்கேர்ந்துட்டி வருது?” என்றான் விஜயபாண்டி, குரல் இறங்கி.

பாண்டிசெல்வி சித்தரின் தலைக்கு மேலே கடகடத்த ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி வாசித்துப் பதிந்தாள். கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. வீட்டுக்குப் போய் அங்கேயும் ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிந்து அனுப்பினாள், வேலையும் கிடைத்தது.

படியிறங்கிய கூட்டத்தில் ஒருவர் மட்டும் ரகசியமாகக் கேட்டார்: “ஃபேன நிறுத்த எந்த நாளு நல்லதும்மா?”

சுவிட்ச் சுவரில்தான் இருக்கிறது ஐயா! வானத்தில் தேடினால் எப்படி அகப்படும்?