காற்றுக்கு முகம் காட்டிய ப்ளோயர்

வட சென்னையில் காற்றை எல்லோரும் வேறு வழியில்லாமல் சுவாசித்துக்கொண்டிருந்தபோது, அதன்மேல் ஆராய்ச்சி நடத்திய ஒரே மனிதர் ப்ளோயர். அனல் மின் நிலையங்களுக்கு ராட்சத விசிறிகள் செய்யும் திருவொற்றியூர் தொழிற்சாலையில் அவர் சோதனைப் பிரிவு ஃபோர்மேன்; விசிறியின் ஆங்கிலப் பெயரே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. நான் பாதுகாப்பு அதிகாரி. அவர் செய்வதையெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்வதற்கே எனக்குச் சம்பளம்.

இந்தக் கிறுக்கு பிடித்தது மகளால். விமானப் படையில் சேர்ந்திருந்த ஸ்டெல்லாவைப் போர் விமானப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்பா சரி என்றால்தான் போவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆபத்தென்றால் விமானமே விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறிந்துவிடும், அந்த வேகத்தில் காற்று சுவர்போல வந்து மோதும் என்று யாரோ இவர் காதில் போட்டுவிட்டார்கள்.

"எம்பொண்ணு மூஞ்சில அடிக்கப்போற காத்து சார். மொதல்ல நான் வாங்கிப் பாக்கணும்."

மின்சார ரயில் வாசலில் நின்று பார்த்தார். வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிட்டது. பிறகு மச்சானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, எண்ணூர் கடலோரச் சாலையில் வாயைத் திறந்தபடி போனார்.

"என்னய்யா தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"காத்து எங்க சார் வந்துச்சு? கரித்தூள்தான் வந்துச்சு. இன்னும் கறுப்பா துப்பிக்கினு கீறேன்."

ஸ்டெல்லா பதில் சொல்லவேண்டிய கடைசி நாளன்று, எங்கள் விசிறியைச் சோதிக்க அனுமதிச் சீட்டு கொண்டுவந்தார். 'சோதிக்கப்படும் பொருள்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தார். பொருளின் எடை குறிப்பிடப்படவில்லை என்று திருப்பியனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். கை கழுவும்போதே விசிறி உறுமுவது கேட்டது.

ஓடிவந்து பார்த்தால், ப்ளோயர் தன்னைத் தூணோடு கட்டிக்கொண்டு விசிறியின் வாய்க்கு நேராக நிற்கிறார். ஆபரேட்டர் கத்துகிறான்: "மாமு, போதும்பா." அவரோ காற்றுக் கதவை இன்னும் திற என்று கையாட்டுகிறார். கன்னங்கள் கொடித்துணிபோல் படபடத்தன. எதிரே அவ்வளவு காற்று இருந்தும் ஒரு மூச்சு இழுக்க முடியவில்லை. பல்செட் பறந்துபோய் எங்கோ விழுந்தது. நான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

அப்படியே சரிந்து உட்கார்ந்தார். "பாதிகூட தொறக்கல சார்."

வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்காகும். அந்தக் கணக்கு எங்கள் இருவருக்குமே தெரியும். போர் விமானமோ இந்தக் காற்றைவிடப் பல மடங்கு வேகம்.

போன் அடித்தது. காது அடைத்துப்போயிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். ஸ்டெல்லா.

"நைனா, ஹெல்மெட் தராங்க, மூஞ்சிய மூட கண்ணாடி கீது. கை கால இழுத்துப் புடிக்க பட்டை கீது. எல்லாத்தையும் பொம்மைக்கு மாட்டி, காத்துல வெச்சு டெஸ்ட் பண்ணிட்டுதான் எங்களுக்குத் தராங்க."

"பொம்மை இன்னா சொல்லிச்சு?"

"அது பேசாது நைனா. அளந்து பாப்பாங்க. நீ இன்னா சொல்ற, போவட்டா?"

ப்ளோயர் விசிறியைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. காற்றடித்த கண் அப்படித்தான் இருக்கும்.

"சும்மா காத்துதான் கண்ணு. போய்ட்டு வா. கண்ணாடிய மட்டும் எறக்கி வுட்டுக்கோ."

"ஏன் ஒரு மாதிரி பேசற?"

விசிறிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். "வாயில சோறு கீது" என்றார்.

விதிப்படி நான் முதலில் எழுதவேண்டியது விபத்து அறிக்கை. பல்செட்டைக் குழாயடியில் நன்றாகக் கழுவி, என் கைக்குட்டையில் துடைத்து எடுத்துவந்தேன்.