வேலையில் இருக்கும் அமலா

அமலாவுக்கு வேலை கிடைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சேதி அமலாவுக்குத் தெரியவந்தது என்னவோ போன திங்கட்கிழமைதான்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் யாஹ்யாதான் அதை முதலில் சொன்னான். ‘தோள்கொடு’ என்று வேலையில்லாத இளைஞர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. முப்பது வயது வரைக்கும் சேரலாம். அதில் ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்கு இலவசப் பயிற்சி, விழுப்புரத்தில் ஒரு வருடம், ஹாஸ்டலோடு. அதற்கு விண்ணப்பிக்கத்தான் அவள் வந்திருந்தாள். யாஹ்யா திரையைப் பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“சிஸ்டர், இது எடுத்துக்க மாட்டேங்குது. நீங்கதான் வேலைல இருக்கீங்களே.”

“நானா? எங்க?”

“ஷூ கம்பெனில. நாலு மாசமா. உங்களுக்கே தெரியாதா?”

தெரியாதுதான். ஆனால் யோசித்துப் பார்த்தபோது எப்படி நடந்தது என்பது தெரிந்துவிட்டது. நாலு மாதத்துக்கு முன்னால் இதே திட்டத்தில் அவள் தையல் மெஷின் பயிற்சி முடித்திருந்தாள். கல்யாண மண்டபம் ஒன்றில் நிறைவு விழா. மேடையில் ஒவ்வொருவர் கையிலும் வேலை உத்தரவு என்று ஒரு நீலக் கவரைக் கொடுத்து, போட்டோ எடுத்து, படியிறங்கும்போது அந்தக் கவரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா? ஒரே கவர் எல்லாருக்கும் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. விழா என்றால் அப்படித்தான், அசல் கவர் தபாலில் வரும் என்று அமலா காத்திருந்தாள், பிறகு மறந்தும் போனாள். கம்ப்யூட்டர் மறக்கவில்லை.

பயிற்சிக்கு விண்ணப்பிக்க அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கடைசி. அதற்குள் அமலா வேலையை விட்டாக வேண்டும், போகாத வேலையை.

அவளுக்கு அந்தப் பயிற்சி மேல் அப்படி ஓர் ஆசை. கல்லூரியில் முதல் முறை மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஒரு வெங்காயத் தோலைப் பார்த்தபோது, உள்ளே ஒரு ஊரே தெரு தெருவாக அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டும் கண்ணாடித் துண்டும் ஒரு சொட்டு ரத்தமுமாகத்தான் அவளுக்குக் கனவு வரும். எல்லாருக்கும் சினிமா நடிகர் வரும் வயதில் அவளுக்கு ரத்த அணு வந்தது. என்ன செய்வது, அது அவள் பாடு.

மறுநாள் காலை பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் கிளம்பினாள். மயிலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லைகள், கண்ணுக்கெட்டிய வரை வேர்க்கடலைச் செடி. பனி இன்னும் கலையவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தன் முகம் மங்கலாகத் தெரிந்தபோது, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்த இன்னொரு அமலாவை நினைத்துக்கொண்டாள். இந்நேரம் அவள் கம்பெனி வேனில் ஏறியிருப்பாள். கழுத்தில் அடையாள அட்டை ஆடும். மத்தியானம் கேன்டீனில் சூடாகச் சாம்பார். சாயங்காலம் அம்மாவுக்குப் புடவை வாங்கிப் போவாள். பாவி, கொடுத்து வைத்தவள்.

திட்ட அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. ஜன்னலோரம் ஒரு புங்கமரம் உள்ளே எட்டிப் பார்த்தபடி நிற்கும். மின்விசிறி போனால் போகிறது என்று சுற்றும். அதன் கீழே மேஜைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்காலி முதுகில் ஒரு பூத்துண்டு, காலடியில் டிபன் பை. பெயர் அன்புச்செல்வனாம். வரிசையில் நின்றவர்கள் அவரை சார் என்றார்கள். அமலாவும் சார் என்றாள்.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“கம்பெனில இருந்து, இவங்க எங்ககிட்ட வேலை பாக்கலன்னு ஒரு லெட்டர் வாங்கினு வாங்க. அதுதான் முறை.”

“நீங்களே என் பேரை எடுத்துட முடியாதா சார்?”

“என் கைல ஒண்ணும் இல்லம்மா. மேடம் கேம்ப் போயிருக்காங்க. அவங்க வந்து கையெழுத்துப் போடணும்.”

இதைச் சொன்னபோது அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்டார். இப்படி ஒரு நல்ல அதிகாரியை அமலா அதுவரை பார்த்ததில்லை.

ஷூ கம்பெனி திண்டிவனத்துக்கு வெளியே இருந்தது. அங்கே இருந்த மேலாளர், லெட்டர் எல்லாம் ஸ்டாஃபுக்குத்தான் தருவோம் என்றார். அவளோ ஸ்டாஃப் இல்லை. அதைத்தான் எழுதித் தரச் சொல்கிறேன் என்றாள். ஸ்டாஃப் இல்லாதவர்களுக்கு எழுதித் தருவதில்லை என்றார். பிறகு அவருக்கே இரக்கம் வந்து ஒரு வழி சொன்னார்: இன்றைக்கு வேலையில் சேர்ந்துவிட வேண்டும், கையோடு ராஜினாமா செய்துவிட வேண்டும், விடுவிப்புக் கடிதம் தானாக வரும்.

“அப்ப வேலையே தந்துடுங்க சார், செய்யறேன்.”

“வேலை காலி இல்லைங்க.”

“பின்ன எப்படிச் சேர்றது?”

“சேர்றதுக்கு எதுக்கும்மா காலி இடம்? கையெழுத்துப் போட்டா போதும்.”

போட்டாள். போட்ட பிறகுதான், ராஜினாமா செய்ய ஒரு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது தெரிந்தது. அதோடு போகவில்லை. அவள் சேர்ந்த தேதி கம்ப்யூட்டரில் ஏற்கனவே நாலு மாதத்துக்கு முந்தியதாக இருந்ததால், சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை, காரணம் கேட்டு நடவடிக்கை என்று மூன்றாம் நாளே வீட்டுக்குத் தபால் வந்துவிட்டது. நல்ல கவர்தான். நீல நிறம்.

அம்மா ஜெசிந்தா மல்லாட்டை பறிக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நாலு மாசமா எங்கடி போன?”

“எங்கயும் போலம்மா.”

“அதத்தான் அவங்களும் எழுதியிருக்காங்க.”

வேலை கிடைத்ததையே மறைத்துவிட்டாளே என்று ஜெசிந்தா அழுதாள். அமலாவுக்கும் அழுகை வந்தது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவதைவிட, செய்யாத வேலைக்குத் திட்டு வாங்குவது இன்னும் கொடுமையாக இருந்தது. பக்கத்து வீட்டு மாமா சவுரிராயன் மட்டும் சந்தோஷப்பட்டார். கம்பெனியில் இருந்து கவர் வந்திருக்கிறது என்பது வரைக்கும்தான் அவர் காதில் விழுந்தது. மீதியைக் கேட்க அவருக்கு நேரமில்லை. மறுநாள் காலை தெருமுனையில் பெரிய ஃப்ளெக்ஸ் நின்றது. ‘எங்கள் தெருவின் முதல் கம்பெனி ஸ்டாஃப் அமலா பி.எஸ்ஸி. அவர்களை வாழ்த்துகிறோம்.’ அமலாவின் படத்தை விட மாமாவின் படம் கொஞ்சம் பெரிது.

கம்பெனி லெட்டர் இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கினாலும் போதும் என்று அன்புச்செல்வன் சார் மாற்று வழி சொல்லியிருந்தார். அந்த அலுவலரிடம் போய்க் கேட்டாள். ஜன்னல் வழியாக ஃப்ளெக்ஸைக் கையால் காட்டினார். இவ்வளவு பெரிய சாட்சியை வைத்துக்கொண்டு வேலை இல்லை என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இனி மேடம் வரும்வரை விழுப்புரத்தில் போய் உட்கார்ந்திருப்பது ஒன்றே வழி. அமலா தினமும் போனாள். காலையில் தலை சீவி, டிபன் பையோடு அதே ரயிலுக்கு ஓடினாள், சாயங்காலம் களைத்துத் திரும்பினாள். பார்த்த ஊர்க்காரர்கள், ஒரு நோட்டீஸ் வந்ததும் பொண்ணு ஒழுங்காக வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வேலை இல்லை என்று நிரூபிக்கப் போகப் போக, அவளுக்கு வேலை இருப்பது ஊரெல்லாம் உறுதியாகிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் சார் ஜன்னலோரம் கிடந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். புங்கமரத்து நிழல் மேஜை மேல் மெதுவாக அசைந்தது. எங்கிருந்தோ புறா முனகியது. வருகிறவர்களுக்கு அவர் வழி சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே எல்லாம் பாடமாகிவிட்டது. எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். நேரம் அங்கே நகர்வதாகவே தெரியாது. கண்ணை மூடினால் இன்னொரு அமலா வருவாள். இப்போதெல்லாம் அவள் கொஞ்சம் பருத்து, திருத்தமாக இருந்தாள். பதவி உயர்வுகூடக் கிடைத்திருக்கும். ‘நான் எனக்குக் கிடைச்ச வேலையப் பாக்கறேன், உனக்கு என்னடி வலிக்குது?’ என்று கேட்பாள். 

ஒரு முறை வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. சார் சட்டென்று எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டார். மக்களோடு மக்களாக நிற்கிறாரே என்று அமலாவுக்கு மனசு நெகிழ்ந்தது. ஜீப் வேறு எங்கோ போய்விட்டது. சார் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ரயில் அன்று முண்டியம்பாக்கத்தில் நின்று நின்று வந்ததில் அமலா மூச்சு வாங்க மாடியேறினாள். மேடம் வந்திருக்கவில்லை. சார்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்து மடித்துப் பையில் வைத்தார்.

“இன்னையோட நான் இங்க வர வேண்டியதில்லம்மா.”

 இருந்த ஒரே நல்ல அதிகாரியும் போகிறார்.

“சார், என் பேரு? இன்னைக்கு சாயங்காலம் கடைசி சார்.”

“தெரியும்மா.” அவர் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. “மேடம் வந்துடுவாங்க. அது வரைக்கும் இங்க ஒக்காருங்க, வெயில் படாது. யாராவது வந்தா வழி சொல்லுங்க. பாவம், தூரத்துல இருந்து வருவாங்க.”

அவர் போய்விட்டார். அமலா தயங்கித் தயங்கி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல இடம்தான். விசிறிக் காற்று நேரே உச்சியில் பட்டது. புங்கப்பூ ஒன்று உதிர்ந்து மேஜையில் விழுந்தது. மத்தியானம் போயிற்று. ஜீப் வரவில்லை. எங்கோ ஒரு கணினியில் விண்ணப்பத்தின் கதவு மெல்லச் சாத்திக்கொள்வதை அவளால் இங்கிருந்தே உணர முடிந்தது. அழ வேண்டும் போல இருந்தது, அந்தக் காற்றில் தூக்கம்தான் வந்தது.

“மேடம்.”

கண் விழித்தாள். அனந்தபுரத்தில் இருந்து வருவதாக ஓர் இளைஞன் கை கட்டி நின்றான். அவன் ஏதோ ஹோட்டலில் வேலை பார்ப்பதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறதாம். அந்த ஹோட்டலை அவன் பார்த்ததுகூட இல்லையாம்.

“அந்த ஹோட்டல்ல இருந்து, இவரு எங்ககிட்ட வேலை பாக்கலன்னு ஒரு லெட்டர் வாங்கினு வாங்க,” என்றாள் அமலா. “அதுதான் முறை.”

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அலுவலகம் பெருக்கி, டீ வாங்கி வைக்கும் காந்திமதி, டம்ளரை அமலாவின் முன்னால் வைத்தாள். இத்தனை நாளும் அவள் அமலாவுக்கு டீ வைத்ததில்லை.

“அக்கா, சாருக்கு எந்த ஊருக்கு ட்ரான்ஸ்ஃபர்?” என்று கேட்டாள் அமலா.

காந்திமதி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளைப் பாவமாகப் பார்த்தாள்.

“அவரு எங்கம்மா ஆபீசரு? உன் வயசுல, உன்ன மாதிரியே, வேல இல்லன்னு சொல்லிப் பேர எடுக்க வந்த புள்ள அது. இங்க ஒக்காந்தே தலை நரைச்சிடுச்சு. நேத்தோட முப்பது வயசு முடிஞ்சுதுன்னு கம்ப்யூட்டரே பேர எடுத்துடுச்சு.”