டிரம்முக்காரரும் ஒரு கல்யாண போட்டோவும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனையோ கடைக்காரர்கள் இருந்தார்கள். வந்தவர்களைக் காக்க வைத்துக் காக்க வைத்தே ஊர் முழுக்கப் பெயர் வாங்கியவர் டிரம்முக்காரர் ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

எழுபதுகளின் கடைசி. அவருடைய போட்டோ ஸ்டுடியோவுக்கு நேர் மேலே, மாடியில் நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் எல்லாம் சுருள் ஃபிலிமுக்கு மாறிவிட்டார்கள். இவர் மட்டும் முக்காலியில் நிற்கும் பெரிய கேமராவை விடவில்லை. அதில் ஒரு படத்துக்கு ஒரு தனி ஃபிலிம், கார்டு மாதிரி. அதை இருட்டறையில் தட்டில் போட்டு, மருந்தை ஊற்றிக் கையால் ஆட்டிக் கழுவுவதுதான் வழக்கம்.

இவர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் ஃபிலிம் கழுவும் மெஷின் ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். பம்ப்செட் பைப்பில் ஒரு துண்டு வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, வெளிச்சம் புகாத மூடி போட்டு டிரம் ஆக்கினார். ஒரு பலகையில் நான்கு சக்கரம் பொருத்தி, பழைய டேபிள் ஃபேன் மோட்டாரை அதோடு இணைத்தார். ஃபிலிமை இருட்டறையில் டிரம்முக்குள் வைத்து மூடிவிட்டால், அப்புறம் மருந்தை ஊற்றிப் பட்டப்பகலிலேயே சக்கரத்தின் மேல் படுக்கப் போடலாம். அது பாட்டுக்கு உருளும்.

டிரம் மட்டுமா உருளும்? கட்டடமே உருளும். ‘ஏ’ அடிக்கப்போன என் மாணவியின் விரல் ‘எஸ்’ஸில் போய் விழும். இறங்கிப்போய்ச் சண்டை போட்டேன்.

"கையால ஆட்டினா, கைக்கு ஒரு நாள் கோவம் வரும், ஒரு நாள் தூக்கம் வரும் டீச்சரம்மா. படம் திட்டுத்திட்டா பூடும். மோட்டாருக்கு இன்னா கவலை கீது?" என்றார். நான் மாடியேறிவிட்டேன்.

சித்திரை வெயிலில் மருந்து சூடாகிவிட்டால் பாட்டிலை மண்பானைத் தண்ணீரில் இறக்கிவைத்து, தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். "ஜொரம் எறங்கட்டும்" என்பார். "மருந்துக்கே வைத்தியம் பாத்துக்கினு கீறான்யா, பேஜாரு புடிச்ச ஆளு!" என்று திட்டியபடியே ஜனங்கள் காத்திருப்பார்கள்.

மானாம்பதியில் ஒரு அண்ணன் தம்பி. பொதுக் கிணற்றுத் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சில்லை. தம்பி மகளுக்குக் கல்யாணம். பெரியப்பாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராவிட்டால் போட்டோவே வேண்டாம் என்று மணப்பெண் பிடிவாதம் பிடிக்க, இரண்டு பேரும் முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிரம்முக்காரர் எடுத்தது ஒரே படம். பந்தியில் யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்று மறுபடி சண்டை.

மறுநாள் சாயங்காலம் பெண் புருஷனோடு பம்பாய்க்குப் புறப்பட வேண்டும். படத்தை வாங்கிப்போக அப்பாவோடு காலையிலேயே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே பெரியப்பாவும் வந்தார். மோட்டார் சத்தத்தையும் மீறிக் கூச்சல் கேட்டு நான் கீழே ஓடினேன்.

"என் மூஞ்சிய வெட்டிட்டு குட்றா. அவன் வூட்டு செவுத்துல நான் தொங்கமாட்டேன்!" என்று பெரியப்பா கத்திக்கொண்டிருந்தார்.

பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டிரம் நின்றது.

"ஐயோ, நின்னா படம் பூடும்!" என்று டிரம்முக்காரர் அலறினார். டிரம்மை எடுத்து மேஜையில் வைத்தார். அண்ணனை ஒரு பக்கமும் தம்பியை எதிர்ப்பக்கமும் பிடித்து உட்கார வைத்தார். "நீ அங்க தள்ளு. நீ இங்க தள்ளு. நிறுத்தினீங்க, பொண்ணு வெறுங்கையோட போவும்."

யோசிக்க நேரமில்லை. அண்ணன் தள்ளினார். தம்பி திருப்பித் தள்ளினார். முதலில் அடிக்கிற வேகம்தான். டிரம் மேஜை ஓரத்துக்குப் பாய்ந்தது.

"கீய வுயப் போவுது, புடிடா!" என்று அண்ணன் கத்தினார்.

"புடிச்சிக்கினுதானே கீறேன்ணா!"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அதற்கப்புறம் டிரம் மெதுவாக, சீராக, தொட்டிலை ஆட்டுகிற மாதிரி போய் வந்தது. பெண் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மத்தியானம் கரண்ட் வந்தது, பிரின்ட்டும் வந்தது. மேலே லேசாக ஒரு கோடு, மற்றபடி பழுதில்லை. கிணற்று வழக்கு அப்படியேதான் இருந்தது. ஆனால் மூஞ்சியை வெட்டச் சொன்னவர், போகும்போது தனக்கும் அந்தப் படத்தில் ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன்: "எப்போ கரண்ட் போனாலும் நீங்களே ஒத்தைக் கையால உருட்டுவீங்களே?"

"இன்னிக்கு கை வலி, டீச்சரம்மா."

சொல்லிவிட்டு, அத்தனை பெரிய கேமராவையும் முக்காலியையும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, திருப்புலிவனத்தில் ஒரு காதுகுத்துக்குப் படமெடுக்கக் கிளம்பினார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் அவர் தெருமுனை திரும்புகிறவரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.