லாகோஸிலேயே ஒரே ஒரு மதர்போர்டு

"இனிமே இந்த வீட்டுல ஒரு முடிவாவது நான் எடுப்பேன்!" என்று எங்கப்பா எபாக் களியை உருட்டிக்கொண்டே அறிவித்தார்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எடுங்க. அப்படியே அந்தக் குழம்புச் சட்டியையும் இந்தப் பக்கம் எடுங்க."

அப்பா சட்டியை எடுத்துக் கொடுத்தார். முடிவு எடுப்பதில் அவருக்கு இருக்கும் அனுபவம் அவ்வளவுதான்.

விஷயம் மதர்போர்டு. அப்பா அபாபா துறைமுகத்தில், கப்பல் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா. அங்கே தூக்கிப்போட வைத்திருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்த வாரமே, போன கரண்ட் திரும்பி வரும்போது ஒரு உதை உதைத்தது. மதர்போர்டு கருகிவிட்டது. மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது. ப்ராசஸர் இருக்கிறது, ராம் இருக்கிறது, பெட்டி இருக்கிறது. ஒரு போர்டு வாங்கிப் போட்டால் போதும்.

எனக்கு அது வேண்டும். உயிர் போகிற அவசரத்தில் வேண்டும். பள்ளிக்கூடம் முடித்துவிட்டேன். மதிப்பெண் இருக்கிறது, யுனிவர்சிட்டியில் இடம் இல்லை. "பொறு எசோசா, வரும்" என்கிறார்கள் எல்லாரும். பஸ்ஸா, நின்றால் வருவதற்கு? எங்கள் தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர், கம்ப்யூட்டர் இருந்தால் வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அம்மாவும் ஒன்று சொல்லியிருந்தாள்.

"மாசக் கடைசிக்குள்ள அந்தப் பெட்டி ஓடலைன்னா, நீ மீன் கடைக்கு வந்து உட்காருடி."

அம்மாவுக்கு ஐஸ் மீன் கடை. இரண்டு ஃப்ரீசர், ஒரு தராசு, தெரு முழுக்க வாடிக்கை. எனக்குக் கானாங்கெளுத்தியின் கண்ணைப் பார்த்தாலே பிடிக்காது. அது நம்மையே முறைக்கும்.

ஆக, ஒரு போர்டு கிடைத்தால் வீடியோ. கிடைக்காவிட்டால் மீன். இதில் அப்பா புகுந்தார்.

"வாங்கறதுதான் வாங்கறோம், பெருசா வாங்கணும். நாலு ராம் போடற மாதிரி. சுத்தி லைட் எரியணும். ஆபீஸ்ல தாமஸோட பையன் வெச்சிருக்கான், திறந்தா டிஸ்கோ மாதிரி இருக்கு. கால்பந்து கேம் ஆடினா புல்லு தனித்தனியா தெரியுது!"

"அப்பா, நம்ம ப்ராசஸர் பழசு. அது உட்கார்ற சாக்கெட் இருக்கற போர்டாப் பார்த்துத்தான் வாங்கணும். பெரிய போர்டு நம்ம பெட்டிக்குள்ளயே போகாது."

"பெட்டியை வெட்டிக்கலாம்."

"எதால?"

"எல்லாத்துக்கும் எதால எதாலன்னு கேக்காத. துறைமுகத்துல இறங்கற ஒவ்வொரு சாமானும் என் கையெழுத்தைத் தாண்டித்தான் ஊருக்குள்ள வருது. எனக்குத் தெரியாதா?"

இருபது வருஷமாகத் தீயணைக்கும் வண்டிகளும் அவர் கையெழுத்தைத் தாண்டித்தான் வருகின்றன. அதற்காக அவர் தீயை அணைப்பாரா?

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதம் அம்மாவின் கடை ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பத்து தடவை இழுத்தால் ஒரு தடவை உறுமும், உடனே தூங்கிவிடும். ஃப்ரீசரில் மீன் வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

"எசோசா அப்பா, புது ஜெனரேட்டருக்குக் கொஞ்சம் குடுங்களேன்."

"எங்கிட்ட ஏது? சட்டைப்பையைத் தடவிப் பாரு, உள்ள காத்துதான் இருக்கு."

சட்டைப்பையில் காற்றுதான். பணம் அவருடைய பழைய கால்பந்து ஷூவுக்குள் இருந்தது. அது எனக்குத் தெரியும். அது மதர்போர்டுக்கான பணம் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மீன் வியர்த்தால் எனக்கென்ன?

அம்மா மதர்போர்டுக்கென்று வீட்டுப் பணத்தில் கொஞ்சம் கொடுத்தாள். அன்று சாயங்காலம் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சும்மா பேச்சு கொடுப்பதுபோல் கேட்டாள்.

"ஏண்டி, அது எத்தனை வகைடி?"

எனக்கு இருந்த எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எந்த சாக்கெட், எந்த மாடல், சின்ன போர்டு போதும், ராமுக்கு ரெண்டு இடம் போதும், கரண்ட் கம்மியாகக் குடிக்கும், அப்பாவுக்கு மூளை கிடையாது.

"கடைசியில சொன்னது எனக்கே தெரியும். மாடல் பேரை மட்டும் இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அம்மா அடுத்த மீனை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை, அப்பா ஷூவை வெறுமையாக்கிவிட்டுக் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள்.

"கம்ப்யூட்டர் வில்லேஜ்ல உசோண்டுன்னு ஒருத்தன் இருக்கான், நீலக் குடைக்குக் கீழ. என்கிட்ட மீன் வாங்குவான். ஆளு சரியில்ல. அவன் கடைக்கு மட்டும் போயிடாதீங்க."

தெருமுனை திரும்பியதும் அப்பா என் தோளைத் தட்டினார்.

"மீன் பேரத்துல அவன் உங்கம்மாவை ஜெயிச்சிருக்கான். அந்த வயிற்றெரிச்சல். அவளையே ஜெயிச்சவன் கிட்ட நல்ல சரக்கு இல்லாமப் போகுமா?"

கம்ப்யூட்டர் வில்லேஜ் இக்கேஜாவில் இருக்கும் சந்தை. அங்கே கடை என்றால் ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு ஸ்டூல். நாம் கேட்கும் சரக்கு அங்கே இருக்கவே இருக்காது. கேட்டதும் கடைக்காரர், "உட்காருங்க முதலாளி" என்று ஸ்டூலை நம் பக்கம் தள்ளிவிட்டு ஓடுவார். நாலு சந்து தள்ளி யாரிடமோ இருப்பதை வாங்கி வந்து, தன் பங்கை மேலே வைத்து விற்பார். எல்லாருக்கும் இது தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

முதல் கடையில் மஞ்சள் தொப்பிக்காரர். கையோடு கொண்டுபோயிருந்த எங்கள் ப்ராசஸரை எடுத்துக் காட்டினேன். அப்பா தன் டிஸ்கோ போர்டைக் கேட்டார்.

"முதலாளி, இந்த ப்ராசஸர் அதுல உட்காராது. அது வேணும்னா ப்ராசஸரை மாத்தணும், ராமை மாத்தணும், பெட்டியை மாத்தணும்."

"பொண்டாட்டியையும் மாத்தச் சொல்லுவே போலிருக்கே!"

"அது இங்க கெடைக்காது முதலாளி."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். "சரி, இதுக்குப் பொருந்தறதையே கொண்டா" என்றார். நான் மாடல் பெயரைச் சொன்னேன். மஞ்சள் தொப்பி ஓடியது. திரும்பி வந்தபோது கையில் சின்ன போர்டு. பச்சை ஸ்டிக்கர் ஒன்று ஓரத்தில் கிழிந்திருந்தது. உறையைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை.

"என்னய்யா நாத்தம்?" என்றேன் நான்.

"கப்பல்ல வந்த சரக்குடி. கடல் வாசனை. இதெல்லாம் உனக்கு எங்க தெரியப்போகுது!" என்று அப்பா ஆழமாக மூச்சை இழுத்தார்.

எங்கள் வீட்டில் எல்லார் மேலும் மீன் வாசனைதான். என் மேலிருந்துதான் வருகிறது என்று நினைத்துவிட்டேன். என் தப்பு அது ஒன்றுதான்.

விலையைக் கேட்டதும் அப்பா பாதியைச் சொன்னார். மஞ்சள் தொப்பி சிரித்தது. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்துவிட்டோம்.

இரண்டாவது கடையில் ஒரு அக்கா. அதே மாடல் கேட்டோம். ஸ்டூலைத் தள்ளினாள், ஓடினாள், வந்தாள். சின்ன போர்டு, பச்சை ஸ்டிக்கர், ஓரத்தில் கிழிசல், கடல் வாசனை. விலை மட்டும் முன்னதைவிட அதிகம்.

"அப்பா, இது அதே போர்டு!"

"எல்லா போர்டும் அப்படித்தான் இருக்கும். ஒரே மாடல்தானே?"

"ஒரே மாடலா இருந்தா ஒரே மாதிரி கிழியுமா?"

"கத்தாதே. ஆர்வம் காட்டினா விலையை ஏத்துவாங்க."

மறுபடி எழுந்தோம். அப்பா நேராக நீலக் குடையைப் பார்த்து நடந்தார்.

உசோண்டு எங்கேயும் ஓடவில்லை. இழுப்பறையைத் திறந்து எடுத்து வைத்தார். பச்சை ஸ்டிக்கர். கிழிசல்.

"பார்த்தியா? ஓடாம எடுத்துக் குடுக்கறான். சொந்தச் சரக்கு!" என்றார் அப்பா என் காதில். பிறகு சத்தமாக, "எவ்வளவு?"

அவர் சொன்ன விலை இரண்டு கடையையும் தாண்டிப் போனது.

"அநியாயம்!" என்றார் அப்பா.

"என்ன பண்றது முதலாளி? காலைலேர்ந்து ரெண்டு பேர் வந்து கேட்டுட்டாங்க. வாங்கிட்டுப் போய்க் காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்தாங்க. யாரோ ஒரு பெரிய பார்ட்டி இதுக்காக அலையறாராம். அவர் வந்தா இன்னும் மேல குடுப்பார்."

அந்தப் பெரிய பார்ட்டி யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா! அலையறது நீங்கதான்! மூணு கடையிலயும் இந்த ஒரு போர்டுதான் சுத்திக்கிட்டு இருக்கு!"

அப்பா முகம் மாறியது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்போ..." என்றார் மெதுவாக, "லாகோஸிலேயே இது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு!"

ஷூ பணம் முழுவதும் அந்த மேஜைமேல் இறங்கியது. அம்மா கொடுத்த பணமும் கூடவே இறங்கியது. நான் சாக்கெட்டுக்குள் செல்போன் வெளிச்சம் அடித்து, ஊசி எதுவும் வளையவில்லை என்று பார்த்தேன். எங்கள் ப்ராசஸரை வைத்து ஓட்டிக் காட்டச் சொன்னேன். திரையில் படம் வந்தது. போர்டு நல்ல போர்டுதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"உங்கம்மா கிட்ட அவ குடுத்ததுக்குள்ளயே முடிச்சுட்டோம்னு சொல்லிடு. உசோண்டு பேரை எடுக்காதே" என்றார் அப்பா, வரும் வழியெல்லாம்.

வீட்டுக்கு வந்து போர்டைப் பெட்டிக்குள் பூட்டினேன். எல்லாம் அதனதன் இடத்தில் பொருந்தியது. சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை. செவ்வாய்க்கிழமைதான் மாசக் கடைசி.

"கடைக்குத் தூக்கிட்டு வாங்களேன். அங்க ஜெனரேட்டர் ஓடுது" என்றாள் அம்மா.

"அந்த இருமல்காரனா? அதுல செல்போன்கூட சார்ஜ் ஏறாது" என்று அப்பா சிரித்தார். ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கடைக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர். புதுசு. பெருசு. சிவப்பு. இருமவில்லை, அடைமழை மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரீசர் இரண்டிலும் மீன் கல்லாக உறைந்திருந்தது. அப்பா பெட்டியைக் கீழே வைக்காமலே அதை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"எசோசா அம்மா, இது ஏது?"

"வாங்கினேன்."

"பணம் ஏது?"

"ஒரு மதர்போர்டு வித்தேன்."

அப்பா பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"போன வாரம் உசோண்டு கிட்ட மலிவா வாங்கினேன். மீன் கூடையிலயே போட்டுக் கொண்டுவந்தேன், மறுநாள் அவன் கடையிலயே குடுத்து வெச்சேன். ஒருத்தர் வருவாரு, எவ்வளவு கத்தினாலும் விலையைக் குறைக்காதேன்னு சொன்னேன். அவன் பங்கை எடுத்துக்கிட்டு மீதியைக் கொண்டாந்து குடுத்துட்டான். நல்ல பையன்."

"சரியில்லாத ஆளுன்னு சொன்னியே!"

"சொன்னேன். அதனாலதானே போனீங்க?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, நீயாவது சொல்லியிருக்கக் கூடாது?"

"சொன்னேன்! மூணு கடையிலயும் ஒரே போர்டுன்னு கத்தினேன்! கடல் வாசனைன்னு மோந்து பார்த்தது யாரு?"

"அப்புறம்," என்றாள் அம்மா, "உங்க கால்பந்து ஷூவைக் காய வெச்சிருக்கேன். ரொம்ப நாளா எதையோ அடைச்சு வெச்சிருந்தீங்க போல. காத்து போகாம நாறுது."

சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது ஷூ. இரண்டு நாக்கும் வெளியே.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வேண்டியதுதான். நான் சொன்ன மாடல், என் பேச்சுக்குத்தான் கடைசியில் மரியாதை. பெட்டியை இரண்டு ஃப்ரீசருக்கும் நடுவில் வைத்து, ஒயரைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். ஒரே தட்டில் ஓடியது. மாசக் கடைசிக்குள் ஓடிவிட்டது! வீடியோ அண்ணனுக்கு அங்கேயிருந்தே போன் போட்டேன். கல்யாணம் ஒன்று தயாராக இருக்கிறது, இன்றைக்கே அனுப்புகிறேன் என்றார்.

"ஓடுதும்மா! நான் ஜெயிச்சுட்டேன்! வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"வீட்டுல ஏதுடி கரண்ட்?" என்றாள் அம்மா. ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். "இங்கயே வெச்சு வேலையைப் பாரு. ஜெனரேட்டர் இங்கதான். உட்காரு."

உட்கார்ந்தேன். மணமகள் இப்போதுதான் மண்டபத்துக்குள் நடந்து வருகிறாள். அவளைப் பாதியில் நிறுத்திவைத்திருக்கிறேன்.

யாரோ ஒரு கிலோ கானாங்கெளுத்தி கேட்கிறார்கள்.