ஆருக்கும் வில்லங்கமில்லாத நிறம்

அரச ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருத்தல் வேண்டும் என்று உதவிப் பணிப்பாளர் செல்வநாயகம் அவர்கள் தீர்மானித்தார். வெளிநாட்டில் ஐந்து நாள் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்த மறுநாள் அது. அதற்கு முதல் அவருக்கு அப்படியொரு எண்ணம் வந்ததாக யாரும் சொல்லவில்லை. அவருடைய அரச கந்தோர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருக்கிறது. பெயர் எதற்கு, வீண் வில்லங்கம்.

மகிழ்ச்சிக்கு வழி தேடிக் கந்தோரைச் சுற்றி வந்தவரின் கண்ணில் வினோஜா அகப்பட்டாள். மானிப்பாயிலிருந்து பஸ்ஸில் வரும் அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்ய வேண்டும் என்று நியமனம் கொடுத்தவர்களும் சொல்லவில்லை, கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது. ஆகவே தினமும் காலையில் பழைய கலண்டர் மட்டையொன்றில் ஒரு படம் செய்வாள். வெங்காயத் தோல், நண்டுக் கோது, சீலைத் துண்டு, வளவுச் செம்மண், எது கிடைத்தாலும் ஒட்டி மேலே வர்ணம் பூசுவாள். நேற்றுச் செய்ததை இன்று செய்யமாட்டாள். அந்த அரை மணித்தியாலம் மட்டும் இல்லாவிட்டால் அந்தக் கந்தோரில் அவளுக்கு விசர் பிடித்திருக்கும்.

“உது என்ன பிள்ளை?”

வினோஜா பயந்துபோய் எழும்பினாள். “சும்மா சேர். மனதுக்கு ஒரு சந்தோசம்.”

“சந்தோசமோ!” என்றார் பணிப்பாளர். களவுபோன சைக்கிளைக் கண்டுபிடித்தவரின் முகம் அவருக்கு.

அடுத்த கிழமையே ‘நாளாந்த வர்ணக் கலப்பூடக உளமகிழ்வுச் செயற்றிட்டம்’ மங்கல விளக்கேற்றி ஆரம்பித்து வைக்கப்பட்டது. காலை ஒரு மணித்தியாலம் முழுக் கந்தோரும் ஒட்டியது, பூசியது. காணி அலுவலாகத் தொண்டைமானாற்றிலிருந்து விடியவே புறப்பட்டு வந்தவர்களை வாசலில் பியோன் கிறிஸ்ரோபர் மறித்தார்.

“இப்ப உள்ளை எல்லாரும் சந்தோசமா இருக்கினம். பத்து மணிக்குப் பிறகு வாங்கோ.”

வினோஜாவுக்கு உள்ளூரப் பெருமைதான். பொய் சொல்லக்கூடாது. தன் பைத்தியம் ஊருக்கே பிடித்துவிட்டது என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாள். படங்களையெல்லாம் கண்காட்சியாக வைப்போம், கொழும்பிலிருந்து அமைச்சின் செயலாளர் வருகிறார் என்று பணிப்பாளர் அறிவித்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அன்று பின்னேரமே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவளுடைய படம் மேசையில் கிடந்தது.

“இதிலை பச்சை கிடக்கு. அது ஒரு கட்சி.”

“நீலமாக்கட்டோ சேர்?”

“அது மற்றக் கட்சி.”

“காவி?”

“சமயத்திலை கை வைக்காதையும்.”

“கறுப்பு?”

“கறுப்புக்கொடி எண்டு பேப்பரிலை வரும்.”

“வெள்ளை?”

“இதென்ன செத்தவீடோ?”

“அப்ப கத்தரிப்பூ நிறம் சேர். அதை இன்னும் ஒருதரும் எடுக்கேல்லை.”

பணிப்பாளர் கண்ணை மூடி யோசித்தார். “வாற தேர்தலிலை எடுத்தால்? நான் பென்சனுக்குப் போக இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு, பிள்ளை.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எல்லாத்திலும் பெரிசு, இந்த மூலையிலை சிவப்பும் மஞ்சளும் பக்கத்திலை பக்கத்திலை கிடக்கு. ஏன் கூடாதெண்டு நானும் சொல்லன், நீரும் கேளாதையும்.”

“மஞ்சளும் குங்குமமும் சேர். கோயில்லை பக்கத்திலை பக்கத்திலைதானே வைக்கினம்?”

“கோயில்லை வைக்கலாம். கந்தோரிலை வைக்கேலாது.”

பணிப்பாளரின் பார்வை சுவரில் போய் நின்றது.

“உது என்ன நிறம்?”

“கிறீம் சேர். எல்லாக் கந்தோருக்கும் அடிக்கிறது.”

“உதாலை ஆருக்கும் எப்பவாவது பிரச்சினை வந்ததோ?”

“உதை ஒருதரும் பார்க்கிறதே இல்லை சேர்.”

“அதுதான் எங்களுக்கு வேணும்!”

“ஓம் சேர்,” என்றாள் வினோஜா. அவளுடைய நிரந்தர நியமனம் கையெழுத்துக்குக் கிடந்தது, கையெழுத்து வைக்க வேண்டியவர் எதிரே இருந்தார். அன்று முதல் முழுக் கந்தோரிலும் வெங்காயத் தோலுக்கு மேலும் கிறீம், நண்டுக் கோதுக்கு மேலும் கிறீம். முதல் நாலு நாள் பூசிய பிறகு ஒரு மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் சுரண்டவில்லை.

கண்காட்சி அமோகம். செயலாளர் எல்லாப் படத்தையும் பார்த்து எதையும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு கந்தோரில் கிடையாது. கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவர் ஒரு படத்தின் முன் கண்ணீர் விட்டார். “சொல்லாமல் விட்டதெல்லாம் இதிலை கிடக்கு,” என்றார். பல்கலைக்கழக வளாகத்து விரிவுரையாளர் ஒருவர் ‘வர்ணத் துறவு’ என்று கட்டுரை எழுதினார். பிறகு சனத்தைக் கேட்க வேண்டுமா? மதில் கிறீம், கேற் கிறீம், கலியாணக் கூறை கிறீம். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டியின் அழைப்பிதழும் கிறீம். இது எங்கள் மண்ணின் நிறம் என்று பேசத் தொடங்கினார்கள். செம்மண்ணில் நின்றுகொண்டுதான் பேசினார்கள்.

மேலிடத்துக்கு அந்தப் பேச்சு எட்டியது. கிறீம் நிறம் ஒரு பிரதேசத்தின் அடையாளமாக உருவெடுத்துள்ளமையால் அரச நிறுவனங்களில் அதன் பாவனை உடனடியாகத் தடை செய்யப்படுகிறது என்று உத்தரவு வந்தது. பணிப்பாளர் கிறீம் சுவரைப் பார்த்தபடி கதிரையில் சாய்ந்தார். சுவருக்கு வேறு என்ன நிறம் அடிப்பதென்று ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது. அது இன்றைக்கும் கூடிக் கலைகிறது.

ஆனால் சனம் சும்மா இருக்குமா? பச்சை, நீலமெல்லாம் போனபோது வாய் திறக்காத சனம், சிவப்பும் மஞ்சளும் பிரிந்தபோது வேறெங்கோ பார்த்த சனம், காங்கேசன்துறை வீதியை மறித்து இருந்துவிட்டது. கையில் கிறீம் கொடிகள்.

“எங்கடை நிறத்தைத் தா!”

வினோஜாவும் போனாள். அவள்தான் இந்தக் கலையின் முன்னோடி என்று முன்வரிசையில் இருத்தினார்கள். தொண்டை கட்டும்வரை அவளும் கத்தினாள். தொலைக்காட்சிக்காரப் பெட்டை ஒருத்தி ஒலிவாங்கியை நீட்டினாள்.

“அக்கா, ஆர் என்ன சொன்னாலும் பரவாயில்லை எண்டு வைப்பம். உங்கடை இஷ்டத்துக்கு ஒரு படம் கீற விட்டால், என்ன நிறம் எடுப்பியள்?”

“கிறீம்,” என்றாள் வினோஜா. யோசிக்கவே இல்லை. அவளுடைய கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.