சிரிக்காததையும் எடுக்கிற கேமரா

இந்த உலகத்தில் குறை இல்லாத பொருள் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதை நிரூபிக்கவென்றே ஒருவர் பிறந்து, அதற்கு மாதாமாதம் சம்பளமும் வாங்கினார் என்றால், அது எங்கள் டேமேஜ் அண்ணாச்சிதான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. தூத்துக்குடி துறைமுகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் வழி காட்ட மாட்டார்கள். "டேமேஜ் வாராரு" என்று சொன்னால் போதும், லாரி டிரைவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார்கள்.

அவர் சரக்கு சர்வேயர். கப்பலில் வந்த உர மூட்டை கிழிந்திருந்தாலோ, கன்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலோ இன்சூரன்ஸ்காரர்களுக்காகப் போய்ப் பார்த்து, படம் எடுத்து, என்ன சேதம் என்று எழுதிக் கொடுக்கிறவர். நான் அப்போது, சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய ஆபீஸ் எதிர் அறை. டீ குடிக்க எங்கள் அறைக்குத்தான் வருவார். வந்ததும் குடிக்க மாட்டார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். எங்கள் ஆபீஸ் டம்ளர் எல்லாவற்றிலும் இருந்தது. அவர் பழக்கமாவதற்கு முன்னால் அது தெரியாமல் நாங்கள் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தோம்.

யாராவது பேக்கரியில் மக்ரூன் வாங்கி வந்தால் கேட்கவே வேண்டாம். "மேல் அடுக்கு பரவாயில்ல. அடியில உடைசல் கெடக்கும், கொட்டிப் பாருளா" என்பார். கொட்டிப் பார்த்தால் கிடக்கும். வாங்கி வந்தவர் முகம் செத்துப்போகும்.

படம் எடுப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் பொருளின் நான்கு பக்கமும். அப்புறம் சேதத்துக்குக் கிட்டப் போய், பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கேலை வைத்து இன்னொரு படம். ஸ்கேல் இல்லாமல் எடுத்தால் ஓட்டை எவ்வளவு பெரிது என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்பார். அவர் சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, அந்த ஸ்கேல் இல்லாத நாள் கிடையாது.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டவர் ரோசாலி மதினி. ஒரு பெருமழையில் அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, கல்யாணப் படம் ஊறிப்போயிற்று. மதினி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி என்ன செய்தார்? ஆபீஸ் கேமராவைக் கொண்டுவந்து, ஸ்கேலை வைத்து, அந்தப் படத்தைப் படம் எடுத்தார். நான்கு பக்கமும். மறுநாள் எங்களிடம் காட்டி, "மாப்பிள்ளைக்குப் பாதிச் சேதம். பொண்ணுக்கு முழுச் சேதம்" என்றார்.

பிறகு சொந்த வீடு கட்டினார்கள். வீடு மந்திரிப்புக்கு நாள் குறித்தாயிற்று. அன்றைக்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார், சொந்தபந்தம் எல்லாம் வரும். ஹாலில் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரில் மதினி முந்திக்கொண்டு ஒரு ஆணி அடித்துவைத்தார்.

"இங்கன எங்க குடும்பப் படம் ஒண்ணு பெருசா தொங்கணும்ளா. நான் அதுல லெச்சணமா இருக்கணும்" என்றார் என்னிடம். "கல்யாணப் படமும் போச்சு. நான் இவுக கூட வாழ்ந்தேங்கதுக்கு வேற என்ன சாட்சி இருக்கு?"

ஸ்டுடியோவுக்குப் போகலாமே என்றேன். போயிருக்கிறார்கள். படம் எடுக்கிற நேரத்தில் அண்ணாச்சி பின்னால் திரும்பி, திரைச்சீலையில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறார். ஸ்டுடியோக்காரர் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

அதனால்தான் கொடைக்கானல். மகள் ஜெனிக்குக் காலேஜ் லீவு. வேன் பிடித்து எல்லோருமாகப் போவது, அங்கே ஏரிக்கரையில் நின்று நல்லதாக ஒரு படம் எடுத்துவருவது என்று மதினி முடிவு செய்தார். ஆபீஸ் கேமராவை எடுத்துவர அண்ணாச்சி ஒப்பவில்லை. சேதத்துக்கு எடுக்கலாமாம், சந்தோஷத்துக்கு எடுக்கக்கூடாதாம். போனிலேயே எடுக்கலாம் என்று ஜெனி சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "புதுசா ஒண்ணு வாங்குவோம்" என்றார்.

மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீயும் கடைக்குக் கூடப் போளா. பெட்டியில கீறல் இருக்குன்னு வெறுங்கைய வீசிட்டு வந்துருவாவ."

கடைக்காரர் முதலில் வீடியோ கேமராவைக் காட்டினார். "டூருக்கு இதுதான் சார் பெஸ்ட். பிள்ளைங்க ஓடுகது, ஆடுகது எல்லாம் அப்படியே வரும்."

"அப்போ ஆளு அசையுமோ?"

"அசையும் சார். வீடியோல்லா."

"அசையுத சரக்க எப்படிவே சர்வே பண்ண? நிக்கதக் காட்டும்."

அடுத்து, கைக்கு அடக்கமாக, சிவப்பு நிறத்தில் அழகான ஒரு டிஜிட்டல் கேமரா. எனக்கே ஆசையாக இருந்தது. முன்னால் நிற்கிறவர்கள் சிரித்தால் தானாகவே படம் பிடித்துக்கொள்ளுமாம். கடைக்காரர் சிரித்தார், பிடித்தது. நான் சிரித்தேன், பிடித்தது. அண்ணாச்சி அதைக் கடைக்கு வெளியே நின்ற தன் பைக்கின் நசுங்கிய மட்கார்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"பிடிக்கல" என்றார்.

"சார், பட்டனை அமுக்கினா எப்பவும்போல எடுக்கும்."

"வேண்டாம்வே. சிரிச்சாத்தான் எடுப்பேன்னு ஒரு யோசன அதுக்குள்ள கெடக்குல்லா, அது ஆகாது. சிரிக்காததையும் எடுக்குத கேமராவா குடும்."

இப்படியே பொழுது போயிற்று. ஒவ்வொரு கேமராவையும் கையில் வாங்கி, கிட்டத்துப் படம் எப்படி விழுகிறது என்று பார்க்க, கடை மேஜைக் கண்ணாடியில் இருந்த விரிசலை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தார். கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. ஏதோ ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எங்களுக்குக் கூல்டிரிங்க்ஸ் வரவழைத்தார். கடைசியில் அலமாரியின் மூலையிலிருந்து கறுப்பாக, தடியாக ஒன்று வந்தது. தண்ணீரில் விழுந்தாலும் கெடாது, தூசி ஏறாது, படத்தின் ஓரத்தில் தேதி அடிக்கும். அண்ணாச்சி முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

"சார், இது கட்டட வேலை பாக்குற எஞ்சினியருங்கதான் வாங்குவாங்க" என்று கடைக்காரர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அந்த இடத்திலாவது நான் குறுக்கே விழுந்து தடுத்திருக்க வேண்டும். கூல்டிரிங்க்ஸ் குடித்துக்கொண்டிருந்தேன்.

வேனில் இடம் இருந்ததால் நானும் கொடைக்கானல் போனேன். கிளம்புவதற்கு முன்பே புதுக் கேமரா வேலையை ஆரம்பித்துவிட்டது. வேனின் நான்கு பக்கமும் எடுத்தார். பம்பரில் இருந்த பழைய கீறலை ஸ்கேல் வைத்து எடுத்தார். டிரைவர் வழியெல்லாம் பேசவே இல்லை. விடுதியில் தலையணையில் இருந்த கறையை எடுத்ததும் மேனேஜர் ஓடிவந்து, கேட்காமலே ஏரியைப் பார்த்த அறையாக மாற்றிக் கொடுத்தார். அதுமட்டும் லாபம். படகுத்துறையில் படகின் அடிப்பலகையில் இருந்த கசிவை எடுத்து, எங்களிடம் மட்டுமல்லாமல் வரிசையில் நின்றவர்களிடமும் காட்டினார். வரிசை பாதியாகக் குறைந்தது.

மறுநாள் காலை மதினி நீலப் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து ஏரிக்கரையில் வந்து நின்றார். அவ்வளவு அழகாக இருந்தார்.

"இப்ப எடுங்க."

அண்ணாச்சி எடுத்தார். "திரும்பு" என்றார். மதினி திரும்பினார். "இன்னும் திரும்பு." கணவர் தன்னை விதவிதமாக எடுக்கிறார் என்று நம்பி, வெட்கப்பட்டுக்கொண்டே முழுச் சுற்றுச் சுற்றினார். நான்கு பக்கமும் முடிந்துவிட்டது; அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி கிட்டே போய்ச் சட்டைப் பையில் கைவிட்டார்.

"எதுக்கு இப்ப அந்த ஸ்கேலு?"

"சும்மா, வெளிச்சம் பாக்கேன்."

எடுத்ததைக் காட்டுங்கள் என்று மதினி எத்தனையோ முறை கேட்டும், "ரிப்போர்ட் முடியட்டும்" என்று கேமராவை மூடிவிட்டார்.

ஊர் திரும்பியதும் படங்களைப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தது நான்தான். புது வீட்டு ஹாலில், பெயின்ட் வாசனைக்கு நடுவே, அந்த ஆணிக்குக் கீழே நின்று மதினியும் ஜெனியும் கவரைப் பிரித்தார்கள். மதினியின் முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு, பக்கத்தில் ஸ்கேல். ஜெனி ஸ்கூட்டியிலிருந்து விழுந்து சிராய்த்த முழங்கால், ஸ்கேல். நான் வாய்விட்டுச் சிரித்த நேரத்தில் என் உடைந்த முன்பல். அதை உதட்டால் மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மதினியின் கொண்டை பின்பக்கத்திலிருந்து துல்லியமாக வந்திருந்தது. முன்பக்கத்தில் கண்ணை மூடியிருந்தார். சேதம் ஒன்றும் தென்படாததால் அண்ணாச்சி முன்பக்கத்தை இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

"என்ன இது?" மதினியின் குரல் அடங்கிப்போயிருந்தது.

"ஏன், நல்லாத்தான விழுந்துருக்கு? அந்தத் தழும்பப் பாரு, எவ்வளவு தெளிவு."

"ஊருல பொண்டாட்டிய அழகா எடுப்பாவ. நீங்க தழும்ப எடுத்துட்டு வந்துருக்கீய."

அண்ணாச்சிக்கு உண்மையாகவே புரியவில்லை. கேலி செய்கிற மனிதர் இல்லை அவர். "நல்லா இருக்கத எதுக்கு எடுக்கணும்? சேதத்துக்குத்தான் படம் வேணும். நல்ல சரக்குன்னா வாயால ஒரு வார்த்த சொன்னாப் போதும்லா" என்றார்.

மதினி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வாயால சொன்னீயளா?"

அண்ணாச்சி கையிலிருந்த கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"கல்யாணமாயி இந்த நாள் வரைக்கும், ஒரு தடவையாவது, வாயால சொன்னீயளா?"

எந்தக் கப்பல் கேப்டனிடமும் வாதாடி ஜெயிக்கிற மனிதர், வாத்தியாரிடம் அகப்பட்ட பையன் மாதிரி கேமராவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அப்பாவை அப்படிப் பார்த்திராத ஜெனி முதலில் அடக்கிப் பார்த்து, பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள். "சிரிக்காதளா" என்று அவளை ஒரு அடி போட்ட மதினிக்கும், கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி கேமராவைத் தூக்கினார். ஆணியைச் சுற்றிச் சிமென்ட் கொஞ்சம் பிளந்திருந்தது, அதைத்தான் எடுக்கிறார் என்று நினைத்து எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஸ்கேலைப் பிடுங்கி உடைத்திருப்பேன். ஸ்கேல் அவர் பையிலேயே இருந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மந்திரிப்பு அன்று போனால் வாசலிலேயே கூட்டம். துறைமுகத்து ஆட்கள் அத்தனை பேரும் ஹாலுக்குள் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். ஆணியில் பெரிய படம் தொங்கியது. மதினியும் ஜெனியும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிற படம். இத்தனை வருஷம் அண்ணாச்சியிடம் அகப்பட்டு முழித்தவர்களுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்குமா?

"படம் ஆடிருக்குவே."

"ஒரு பக்கமா சரிஞ்சுல்லா கெடக்கு."

"அந்த மூலையில பாருங்க, கட்டவிரலு! வெட்டிட்டு மாட்டிருக்கலாம்."

பலகாரத் தட்டோடு வந்த மதினி அதற்கு மட்டும் பதில் சொன்னார். "விரலு இருக்கட்டும். குடும்பப் படம்லா, அவுகளும் இருக்கணும்ல."

நானும் விடவில்லை. "என்ன அண்ணாச்சி, இவ்வளவு டேமேஜான படத்தப் போயி மாட்டிருக்கீங்க?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "டேமேஜ் எதுவும் தட்டுப்படலளா" என்றார். "அப்புறம் எங்கன பாத்து எடுக்கதுன்னு தெரியல. கை ஆடிட்டு."

மதினி தட்டை என் கையில் கொடுத்தார்.

"இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க. சாமியாருக்குக் கேக்கல."

அண்ணாச்சி கையிலிருந்த டீ டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைப் பார்க்க ஆரம்பித்தார். புது வீட்டுக்கு வாங்கிய புது டம்ளர், அதில் ஒரு விரிசலும் இல்லை. ஆனாலும் காது இரண்டும் சிவந்துபோய், டம்ளருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, டீ ஆறுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என் கையில் ஒரு கேமரா இல்லாமல் போயிற்றே என்று எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.